யாக்கோபின் கிணற்றடியில் நிறைவேறிய பொருத்தனை

ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட கிணற்றில் ஒரு வாய் நீராவது பருகவேண்டும் என்று என் தாயார் பொருத்தனை செய்திருந்தார்கள். கர்த்தருடைய கிருபையால் அது நிறைவேறியது.

அந்தக் கிணறு இருக்கும் நாப்லஸ் நகருக்குச் செல்லும் வழியில் சோதனைச் சாவடியில் வெகுநேரம் வெயிலில் காத்திருந்தோம். வந்து சேர்ந்ததும் வழிகாட்டி அவசரப்படுத்தத் தொடங்கினார். ஜெபிக்க வந்தவர்களை இப்படி விரட்டுவது மனதுக்கு வேதனையாக இருந்தது. முழங்கால் வலியோடு தாயார் கிரேக்க மரபுவழி ஆலயத்தின் நிலவறைப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினார்கள். வாளியில் இறைத்த நீரைக் கையில் ஏந்தியபடி அவர்கள் அழ, நான் யோவான் நான்காம் அதிகாரத்தை வாசித்தேன்.

இயேசுவை யூதன் என்று விலக்கிப் பேசிய அதே பெண், யாக்கோபை எங்கள் பிதா என்று உரிமை கொண்டாடுகிறாள். பெனியேலில் தேவனோடு போராடி இஸ்ரவேல் என்று பெயர் பெற்றவரல்லவா அந்த யாக்கோபு! அந்தப் பெயரைத் தாங்கிய வடக்கு ராஜ்யம் கி.மு. 722-ல் அசீரியரிடம் வீழ்ந்தது. பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பின், தெற்கிலிருந்த யூதாவின் பெயரால் அதன் மக்கள் யூதர் என்று அழைக்கப்பட்டார்கள். ஆனால் வடக்கு ராஜ்யத்தின் வழிவந்தவர்களாகத் தங்களைக் கருதும் சமாரியர் இஸ்ரவேல் என்னும் பெயரை ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. கெரிசீம் மலையிலிருந்த அவர்களுடைய ஆலயத்தை யூத ஆட்சியாளரான யோவான் இர்க்கானு கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இடித்தார். ஏறக்குறைய அக்காலத்தில் தொலைதூரக் கிரேக்கத் தீவான தேலோஸில் வாழ்ந்த சமாரியரோ, கெரிசீமுக்குக் காணிக்கை செலுத்தும் இஸ்ரவேலர் என்றே தங்களைக் கல்வெட்டில் பொறித்துக்கொண்டார்கள். இன்று ஆயிரத்துக்கும் குறைவாக எஞ்சியிருக்கும் அவர்களில் ஒரு பகுதியினர் அந்த மலையிலேயே வாழ்கிறார்கள். இவ்வளவு ஆழமான காயத்தின் நடுவே உட்கார்ந்து, தாகத்துக்குத் தா என்று கேட்டாரே நம் ஆண்டவர்!

எருசலேமில் ஒலிவமரச் சிலுவை விற்பவர்களின் நச்சரிப்பையும் கல்வாரி ஆலயத்தின் நெரிசலையும் தாண்டிச் சென்றபோது, யூதர், இஸ்ரவேல் என்ற அந்த இரு பெயர்களைப் பற்றிய சிந்தனை என்னை விடவில்லை. ரோமனாகிய பிலாத்து சிலுவையின்மேல் யூதருடைய ராஜா என்று எழுதிவைத்தான். பிரதான ஆசாரியரோ இஸ்ரவேலுக்கு ராஜா என்று சொல்லிப் பரிகசித்தார்கள். அந்நியர் இட்ட பெயரையும், சொந்த ஜனங்கள் தங்களுக்குள் போற்றிய பெயரையும் நிந்தையாகவே சுமந்தார் என் இரட்சகர். பின்னால் நின்றவர்கள் தள்ளிக்கொண்டிருந்தாலும், தாயாரைத் தாங்கிப் பிடித்துக் கல்வாரிப் பாறையைத் தொடச்செய்தேன். இருவரும் வாய்விட்டு ஸ்தோத்திரம் செலுத்தினோம்.