மாத்திரைச் சீட்டைக் கேட்டவர்கள்

சென்ற ஆண்டு பெங்களூரின் புறநகரிலுள்ள ஒரு மையத்தில் 14 நாள் தங்கி, எடைக் குறைப்புச் சிகிச்சை பெற்றேன். எனக்கு வயது 61. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. முழங்கால் வலியால் அல்சூரில் எங்கள் வீட்டு மாடிப்படியைக்கூட ஏற முடியாத நிலை. முன்பு வேறோர் இடத்தில் சேர்ந்தபோது, நான் விழுங்கும் மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் மூன்று நாள் காய்கறிச் சாறு மட்டுமே கொடுத்ததில் மயங்கி விழுந்து பாதியிலேயே வீடு திரும்பியிருந்தேன். ஆகவே இம்முறை அறையையும் தோட்டத்தையும் பார்ப்பதற்கு முன், அங்கே யார் யார் பணியில் இருக்கிறார்கள், இரவில் யார் இருப்பார்கள் என்றுதான் விசாரித்தேன்.

முதல் நாள், எடை பார்ப்பதற்கு முன்பே மருத்துவர் என் மாத்திரைச் சீட்டை வாங்கி வரிவரியாகப் படித்தார். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைத் தொடரலாம் என்றார். கிளிமெபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து என்பதால், உணவைக் குறைத்துவிட்டு அதைப் பழைய அளவிலேயே எடுத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும் என்று விளக்கி, 2 மில்லிகிராமை 1 ஆக்கினார். அப்படியும் நான்காம் நாள் மாலை, நடைப்பயிற்சி முடிந்ததும் கை நடுங்கி நெற்றி வியர்த்தது. செவிலியர் உடனே விரலில் குத்திப் பார்க்க, சர்க்கரை 62-க்கு இறங்கியிருந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் என் கையைப் பிடித்தபடி அருகிலேயே இருந்து, மறுபடி பார்த்து 91 வந்த பிறகே அவர் எழுந்தார். அன்றிரவே மருத்துவர் கிளிமெபிரைடை அடியோடு நிறுத்தினார்.

உணவியல் நிபுணர் ஓசூர்க்காரப் பெண். "வீட்டில் போட்டுக்கொள்வதுபோலவே போடுங்கள், அம்மா" என்று தட்டையும் சோற்றுப் பாத்திரத்தையும் முன்னால் வைத்தார். நான் போட்ட சோறு 380 கிராம் இருந்தது. கடிந்துகொள்ளாமல், பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பீன்ஸ் பொரியலையும் சுண்டலையும் வைத்துக் காட்டினார். மனநல ஆலோசகரோ எடையைப் பற்றியே பேசவில்லை. பசிக்காமலே சாப்பிடுவது எந்த நேரத்தில் என்று மட்டும் கேட்டார். கணவர் காலமான பிறகு மாலை ஆறு மணிக்குமேல் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

பிசியோதெரபிஸ்ட் முதல் நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 வினாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணியபோது 9 வந்தது. கடைசி நாள் 12. எடை 3.4 கிலோ குறைந்திருந்தது. முதல் வாரத்தில் இறங்கியதில் நல்ல பங்கு, உடல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜனோடு சேர்ந்து வெளியேறிய நீர்தான், அதைக் கொழுப்பு என்று எண்ணிவிட வேண்டாம் என்று மருத்துவரே சொல்லி அனுப்பினார். அந்த நேர்மையால் அவர்கள்மீது எனக்கிருந்த நம்பிக்கை இன்னும் கூடியது.

மூன்று மாதம் கழித்து எடுத்த எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு, 8.1-லிருந்து 7.2-க்கு இறங்கியிருந்தது. அந்த அறிக்கையை முதலில் அந்தச் செவிலியருக்குத்தான் அனுப்பினேன்.