கொழுந்து பறிப்பவர்களைப் பற்றி ஒரு முன்னோட்ட ஆய்வு: நிதிக்கு எழுதப் போகிறவர்களுக்கு

முன்னோட்ட ஆய்வுக்குச் சிறு நிதி என்று அறிவிப்பு வந்ததும், மனதில் இருக்கும் பெரிய ஆய்வை அப்படியே சுருக்கி எழுதி அனுப்புகிறவர்கள்தான் அதிகம். ஆயிரம் பேருக்குப் பதில் ஐம்பது பேர், மூன்று வருடத்துக்குப் பதில் ஒரு வருடம், மற்றதெல்லாம் அதேதான். இது எடுபடாது. பணம் தருகிறவர்கள் கேட்பது வேறு: அந்தப் பெரிய ஆய்வு நடக்கிற காரியமா, எங்கே போய் மாட்டிக்கொள்ளும், அதை இந்தப் பணத்துக்குள் கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா?

சமூக மருத்துவத்தில் எம்.டி. முடித்த கையோடு, நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் இடுப்பு வலி, தோள் வலி பற்றி நிதிக்கு விண்ணப்பம் எழுதினேன். ஒரு மருத்துவக் கல்லூரியின் உள்நிதி கிடைத்தது. நேர்காணலில் வலியைப் பற்றி அதிகம் பேச்சே இல்லை. "அவங்களை எந்த நேரத்துல போய்ப் பார்ப்பீங்க?" என்றுதான் ஆரம்பித்தார்கள்.

தேயிலைக்காட்டைத் தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது. காலையில் மலைக்கு ஏறிவிட்டால் எடை போடும் நேரம்வரை ஆள் கிடைக்காது. கொழுந்து நன்றாக வரும் மாதங்களில் கூடுதல் கிலோவுக்குக் கூடுதல் காசு. அரைமணி நேரம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டால் அவர் கையிலிருந்து பணத்தை எடுத்த மாதிரிதான். சாயங்காலம் லைன் வீட்டுக்கு (தோட்டத்து வரிசை வீடு) போகலாம் என்றால் சமையல், பிள்ளைகள், தண்ணீர். அதோடு, இருட்டிய பிறகு காட்டுமாடும் கரடியும் நடமாடும் பாதையில் களப்பணிக்கு வந்த பெண்களை நடக்க விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போக வேண்டும், கோயில் இருக்கிறது, ஏதாவது கல்யாணம் இருக்கிறது.

ஆகவே முதல் நோக்கமாக வலியின் அளவை எழுதாமல் இதை எழுதினேன்: எடை போடும் இடத்தில் மதியம் சுருக்கமான கேள்வித்தாள், ஞாயிறு காலையில் வீட்டில் முழுக் கேள்வித்தாள், இந்த இரண்டில் எதற்கு அதிகம் பேர் சம்மதிக்கிறார்கள், எதில் பாதியில் எழுந்து போகாமல் முடிக்கிறார்கள். இப்படி ஒரு நோக்கம் உங்கள் விண்ணப்பத்திலும் இருந்தால், அதைப் பார்த்ததுமே முன்னோட்டம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று தேர்வாளருக்குப் புரிந்துவிடும்.

எண்ணிக்கைக்கும் இதிலிருந்தே காரணம் சொல்லலாம். 60 பேரை அணுகி 70 சதவீதம் பேர் சம்மதித்தால், உண்மையான சம்மத விகிதம் ஏறத்தாழ 58-க்கும் 82-க்கும் இடையில் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கை இடைவெளி சொல்லும். பெரிய ஆய்வைத் திட்டமிட இந்தத் துல்லியம் போதுமா என்று இரண்டு வரி எழுதினால் போதும். கருதுகோளைச் சோதிக்கப் போவதாக எழுதி, அதற்கு 'பவர்' கணக்கும் (உண்மையில் வித்தியாசம் இருந்தால் அதைப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு) போட்டு வைத்தால் உடனே கேள்வி வரும். சிறு ஆய்வில் கிடைத்த வித்தியாசத்தை வைத்துப் பெரிய ஆய்வின் அளவைக் கணக்கிடுவேன் என்றும் எழுதாதீர்கள். அத்தனை சிறிய எண்ணிக்கையில் அந்த வித்தியாசம் எப்படி வேண்டுமானாலும் ஆடும்.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தசை, எலும்பு வலிக்கு 1987-ல் வந்த நார்டிக் கேள்வித்தாளைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள்: உடலின் ஒன்பது பகுதிகள், கடந்த 12 மாதம், கடந்த 7 நாள். உடல் படத்தைக் காட்டிக் கேட்டால் வேகமாக முடியும். நிற்கும், குனியும் நிலையை மதிப்பிட 2000-ல் வெளியான ரீபா (REBA) முறை இருக்கிறது; மதிப்பெண் கூடினால் உடம்புக்கு ஆபத்தும் கூடுதல். அதில் இரண்டு காலிலும் சமமாக ஊன்றி நின்றால் 1 மதிப்பெண், ஒரு காலிலோ தடுமாற்றமாகவோ நின்றால் 2. முழங்கால் மடிந்திருந்தால் அதற்கு மேல் கூடும். சரி, சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்துக் கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடித்து நிற்கிறவருக்கு எத்தனை? இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுச் சொல்லும் அளவு) கணக்கிட்டுப் பார்ப்பதே நல்ல முன்னோட்ட நோக்கம். செலவும் குறைவு.

தொழிற்சாலைப் பக்கம் ஆர்வம் இருந்தால் கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி உருளைகளின் இரைச்சல் இருக்கிறது. நம் நாட்டில் எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 90 டெசிபல். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, நலவாழ்வு ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) பரிந்துரைப்பது 85. அதே நிறுவனம் வெளியிட்ட ஒலி அளக்கும் செயலி இலவசம், ஆனால் ஐபோனில் மட்டும்தான் ஓடும். எங்கெங்கே முறையான கருவி வைத்து அளக்க வேண்டும் என்று முதலில் சுற்றிப் பார்க்க அது போதும்.

இன்னொன்று, வலி தாங்காமல் வேலையை விட்டவர்கள் எடை போடும் இடத்துக்கு வர மாட்டார்கள். இப்போது பறிக்கிறவர்களை மட்டும் கேட்டால் தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்றுகூட முடிவு வரலாம். விட்டுப் போனவர்களைத் தேடிப் பிடிக்க முடிகிறதா என்று பார்ப்பதாக ஒரு பத்தி சேர்த்தேன். என் விண்ணப்பத்தில் நன்றாக இருந்த பகுதி அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பெரிய எஸ்டேட் மட்டும் நீலகிரி இல்லை. 2025 நவம்பர் வரை இருந்த 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 1981 திருத்தத்துக்குப் பிறகு, 5 ஹெக்டேருக்கும் 15 ஆட்களுக்கும் குறையாத தோட்டங்களுக்கென்று இருந்தது. ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளும், அவர்களிடம் தினக்கூலிக்குப் போகிறவர்களும் அதற்கு வெளியே. அங்கே பெயர்ப்பட்டியல் கிடையாது, டிஸ்பென்சரி கிடையாது. ஆளைத் தேர்வு செய்யும் முறையே வேறு ஆகிவிடும் என்பதால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று எழுதிவிடுங்கள். ஜார்க்கண்ட் பக்கமிருந்து வந்தவர்களும் வேலை செய்யும் தோட்டமென்றால் இந்திப் படிவத்துக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

நெறிமுறைக் குழு முக்கியமாகப் பார்ப்பது மேலாளரின் நிழலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் இப்படி மேல், கீழ் என்ற அமைப்புக்குள் இருப்பவர்களுக்குத் தனிக் கவனம் கேட்கின்றன. மேலாளரின் அனுமதிக் கடிதம் தேவைதான், அவர் கொடுக்கும் டீயையும் குடிக்கலாம், ஆனால் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து யாரையும் நேர்காணல் செய்யக் கூடாது. இழந்த கூலியை ஈடுகட்டுவதை அந்த நெறிமுறைகள் அனுமதிக்கின்றன. ஆசை காட்டும் அளவுக்குப் போகாமல் தொகையைக் குழுவின் ஒப்புதலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நிதியை எங்கே தேடுவது? எம்பிபிஎஸ் படிக்கும்போதே ஐசிஎம்ஆரின் குறுங்கால மாணவர் ஆய்வுத் திட்டம் உண்டு. 1979 முதல் நடக்கிறது, இரண்டு மாத வேலை. மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம், சொந்தக் கல்லூரியின் உள்நிதி இரண்டையும் அடுத்துப் பாருங்கள். அகமதாபாத்தில் உள்ள தேசியப் பணிசார் நலவாழ்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் பெங்களூருவில் இருக்கிறது. கருவி, ஆலோசனை என்று கேட்க அங்கே எழுதிப் பார்க்கலாம். நியாஷ் பண உதவியில் நடக்கும் அமெரிக்க மையங்களின் முன்னோட்ட நிதி அறிவிப்பைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் உற்சாகமாவதுண்டு. அது பெரும்பாலும் அந்தந்த மண்டலத்துப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் உரியது. ஆனாலும் அந்த அறிவிப்புகளில் மதிப்பீட்டு அளவுகோல்களைப் படித்துப் பாருங்கள், எழுதப் பழக உதவும். வெளிநாட்டுப் பணம் என்றால் பெரும்பாலும் நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதியும், சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழு ஒப்புதலும் தேவைப்படும். ஒரு வருட நிதிக்கு இதிலேயே பாதிக் காலம் போய்விடும்.

காலத்தைப் பற்றிப் பேசும்போது பருவத்தையும் பாருங்கள். கூடலூர், பந்தலூரில் ஜூனில் மழை பிடித்தால் களப்பணி படுத்துவிடும். கோத்தகிரி, குன்னூரில் அந்தத் தொல்லை அக்டோபர், நவம்பரில். டிசம்பருக்கு மேல் உறைபனி விழுந்தால் கொழுந்தும் குறையும், வேலை நாளும் குறையும். பணம் எந்த மாதம் வந்தால் எந்த மாதம் களத்தில் இறங்குவேன் என்று இரண்டு கால அட்டவணை போட்டு வைத்தேன், அதில் இரண்டாவதுதான் பயன்பட்டது.

பட்ஜெட்டில் ஜீப் வாடகைதான் பெரிய தொகை. ஓட்டுநர்களிடம் அச்சடித்த பில் இருக்காது. எந்த வவுச்சர், யார் கையெழுத்து என்று கணக்குப் பிரிவில் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மத்திய அரசு நிதியென்றால் பயன்பாட்டுச் சான்றிதழ் 12-ஏ படிவத்தில் போகும். அதை முதல் வாரமே எடுத்துப் பார்த்து, அதில் உள்ள தலைப்புகளின்படியே செலவுப் பதிவேட்டைத் தொடங்குங்கள்.