சார்கோமா கணக்கெடுப்பில் இடறிய இடங்கள்

மருத்துவமனைக்கு வந்த சார்கோமாக்களை, அதாவது எலும்பிலும் தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களிலும் தோன்றும் புற்றுநோய்களை, வயது, இடம், வகை வாரியாகத் தொகுத்து முடித்தோம். நெறிமுறைக் குழுவின் அனுமதி தடங்கலின்றிக் கிடைத்தது. எண்ணத் தொடங்கியதும்தான் தலைவலி.

கணினியில் எலும்பு, மென்திசுப் புற்றுகளுக்கான சி40, சி41, சி49 ஆகிய ஐசிடி-10 நோய்க் குறியீடுகளை மட்டும் தேடியது முதல் தவறு. வயிற்றுக்குப் பின்புறம் வளரும் கொழுப்புத்திசுப் புற்றான லைப்போசார்கோமா சி48-இல் இருந்தது. கருப்பைத் தசையில் வரும் லியோமயோசார்கோமா சி54, சி55-இல். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம்: வேறு உறுப்பிலிருந்து எலும்புக்குப் பரவிய புற்று சி79.5-இல் இருக்கவேண்டும், பல சி41 என்று ஏறியிருந்தன. நாற்பதைத் தாண்டியவர்களின் எலும்பில் பரவி வந்த புற்றும் எலும்பு மச்சையின் புற்றான மயலோமாவுமே அதிகம். அவற்றைக் களையாமல் போட்ட முதல் அட்டவணையில் முதியவர்களே நிறைந்திருந்தார்கள். பதின்ம வயதில் முழங்காலைச் சுற்றி வரும் எலும்புப் புற்றான ஆஸ்டியோசார்கோமா அதில் மங்கிப்போயிருந்தது. அதைப் பார்த்துத்தான் விழித்துக்கொண்டோம். குறியீட்டை நம்பாமல் நோய்க்கூறியல் அறிக்கையை (திசுவை நுண்ணோக்கியில் பார்த்து எழுதியது) ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

இடத்தைக் குறிப்பதிலும் குறியீடு கைவிடும். தொடை எலும்பு, முழங்கால் கீழெலும்பு இரண்டுமே சி40.2. எந்த எலும்பு, அதன் நடுத்தண்டா, மூட்டை ஒட்டிய பகுதியா என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். பயாப்ஸியோடு (சோதனைக்கு எடுத்த திசுத் துண்டு) வந்த படிவங்களிலோ 'காலில் வீக்கம்', அவ்வளவுதான். வயதுகூட எழுதாத படிவங்கள் உண்டு. இதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. தீவிரம் குறைந்த காண்ட்ரோசார்கோமா என்ற குருத்தெலும்புப் புற்றையும் புற்றல்லாத சாதாரணக் குருத்தெலும்புக் கட்டியையும் எக்ஸ்ரே படம் பார்க்காமல் திசு ஸ்லைடை மட்டும் வைத்துப் பிரிப்பது பெரும்பாலும் முடியாத காரியம்.

அடுத்தது இரட்டிப்பு. பயாப்ஸிக்கு ஓர் எண், அறுவைக்கு ஓர் எண், வெளியிலிருந்து வந்த ஸ்லைடுக்கு இன்னொன்று. ஒரே நோயாளி மூன்று பேராகிவிடுகிறார். பெயரின் எழுத்துக்கூட்டலும் மாறிக்கொண்டே இருக்கும். மருத்துவமனைப் பதிவெண், பிறந்த ஆண்டு, இடமா வலமா என்ற பக்கம் மூன்றையும் சேர்த்துப் பொருத்திய பிறகே எண்ணிக்கை நிலைத்தது. கீமோவுக்குப் (புற்றுக்கான மருந்துச் சிகிச்சை) பின் எடுத்த கட்டியின் அறிக்கையில் 'உயிருள்ள புற்றணு இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் சார்கோமா என்ற சொல்லைத் தேடும்போது அது சிக்காது. பழைய பயாப்ஸியிலிருந்து கோத்து வரவேண்டும்.

பழைய அறிக்கைகளில் 'மாலிக்னன்ட் ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமா' என்ற மென்திசுப் புற்றின் பழைய பெயர் நிறைய. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வகைப்பாட்டில் அந்தப் பெயரே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு புதுப் பெயரை ஒட்டாதீர்கள். வயிற்றுக்குப் பின்புறத்தில் எடுத்த கட்டிகளுக்கு எம்டிஎம்2 என்ற மரபணுவைச் சோதித்தால் சிலவற்றின் நோயறிதல் லைப்போசார்கோமா என்று மாறிவிடும்.

எங்களிடம் வந்தவர்களுள் எந்த வகை எவ்வளவு பங்கு என்ற விகிதங்களை மட்டுமே தந்தோம். இவ்வளவு மக்களுக்கு இத்தனை பேர் என்று எழுதவில்லை. பெரிய மருத்துவமனைக்குச் சிக்கலான நோயாளிகளே அனுப்பப்படுகிறார்கள், வகுக்க வேண்டிய மக்கள்தொகை எண் நம்மிடம் இல்லை.

மனசு ஆறாத ஒன்று பாக்கி. யூயிங் சார்கோமா என்ற வகையாக இருக்குமோ என்று ஐயப்பட்ட பிளாக்குகளில் (மெழுகில் பதித்த திசு) அதன் அடையாளமான மரபணு இணைவைச் சோதிக்க முயன்றபோது, எலும்பை மென்மையாக்கி வெட்டுவதற்காக வலுவான அமிலத்தில் சுண்ணாம்பு நீக்கியவை பயன்படவில்லை, டிஎன்ஏ சிதைந்திருந்தது. எலும்பு பயாப்ஸி வந்தவுடனே மென்மையான துண்டுகளைத் தனியே எடுத்து அமிலத்தில் இடாமல் நேரே பதப்படுத்துங்கள். கடினமானதற்குச் சுண்ணாம்பை மெதுவாக நீக்கும் ஈடிடிஏ கரைசல். நாள் கூடுதலாகும், பொறுங்கள்.