நூறு மைல் ஓடுகிறவர்கள் எத்தனை ஆண்டுகள் நீடிக்கிறார்கள்?

2010 ஜூன் மாதம் கலிபோர்னியாவின் மலைகளில் நடந்த வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டத்தின் முதல் மூன்று இடங்களை, இந்த விளையாட்டைப் பின்தொடர்கிறவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ஜெஃப் ரோஸ் 15 மணி 7 நிமிடத்தில் ஓடி முடித்து அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். ஆறே நிமிட இடைவெளியில் ஆண்டன் க்ருப்பிச்கா வந்து சேர்ந்தார். அவருடைய நேரமும் பழைய சாதனையைவிடக் குறைவுதான். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து மூன்றாவதாக வந்த கிலியன் ஜோர்னெட்டுக்கு அப்போது வயது 22. அடுத்த ஆண்டே அவர் அந்த ஓட்டத்தை வென்றார். 2025இல், தன் 37ஆவது வயதில், அதே பாதையில் 14 மணி 19 நிமிடத்தில் ஓடி மீண்டும் மூன்றாம் இடம் பிடித்தார். 22 வயதில் எடுத்துக்கொண்டதைவிட ஒன்றேமுக்கால் மணி நேரம் குறைவு. ரோஸும் க்ருப்பிச்காவும் இந்தப் போட்டிகளின் முன்வரிசையிலிருந்து விலகி அப்போதே பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த மூவரில் யாருக்கும் உழைப்போ மன உறுதியோ குறைவாக இருந்ததில்லை. ஆனாலும் ஒருவர் நீடிக்கும்போது அதை அவருடைய குணத்துக்கும், ஒருவர் மறையும்போது அதை அவருடைய பேராசைக்கும் கணக்கெழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நெடுங்காலமாக இந்த ஓட்டக்காரர்களின் பேட்டிகளையும் பயிற்சிக் குறிப்புகளையும் படித்துவருகிற எனக்கு அந்தக் கணக்கு தவறானது என்றே தோன்றுகிறது. ஓர் உயர்மட்ட ஓட்டக்காரர் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறார் என்பதைவிட, ஓடாமல் இருப்பதற்கு அவருடைய வாழ்க்கை எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதே அவர் எத்தனை ஆண்டுகள் நீடிப்பார் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

ரோஸுக்கு நேர்ந்ததை முதலில் பார்க்கலாம். 2010இல் அவர் தோற்கடிக்கப்பட முடியாதவராகவே தெரிந்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் அவருடைய உடல் சாதாரண ஓட்டத்துக்கே ஒத்துழைக்காத நிலைக்குச் சென்றது. சோதனைகள் பல செய்தும் தெளிவான காரணம் ஒன்றும் அகப்படவில்லை. வருத்தம் தருவது என்னவென்றால், இந்த நோய்க்கு இது வழக்கமான கதை. மிகைப்பயிற்சி நோய்க்குறி என்று விளையாட்டு மருத்துவம் அழைக்கும் இந்த நிலையை உறுதிசெய்ய ஒற்றை ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ரத்தசோகை, தைராய்டு கோளாறு, தொற்று, ஊட்டக்குறைவு என்று மற்ற ஒவ்வொன்றையும் இல்லை என்று நீக்கிக்கொண்டே வந்து கடைசியில் எஞ்சுவதற்குத்தான் இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள்.

ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்புகள் 2013இல் கூட்டாக வெளியிட்ட ஓர் அறிக்கை இதை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதல் படியில், கடும் பயிற்சிக்குப் பின் வேகம் குறையும். சில நாட்களோ ஓரிரு வாரங்களோ ஓய்வெடுத்தால் முன்னைவிட நன்றாக ஓட முடியும். எல்லாப் பயிற்சியாளர்களும் திட்டமிட்டுத் தேடுவது இதைத்தான். இரண்டாம் படியில் மீட்சிக்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் பிடிக்கும், அவ்வளவு காலம் காத்திருந்தும் கூடுதல் பலன் ஒன்றும் கிட்டாது. மூன்றாம் படியில் மாதங்கள் ஆண்டுகளாக நீளும். கொடுமை என்னவென்றால், முதல் படியில் நிற்கிறவருக்கும் இரண்டாம் படியில் கால் வைத்துவிட்டவருக்கும் அன்றன்றைக்கு உள்ளே தோன்றும் உணர்வு ஏறக்குறைய ஒன்றே. கால்கள் கனக்கும், உறக்கம் கலையும், எரிச்சல் வரும், ஏற்றத்தில் எவ்வளவு முயன்றாலும் இதயத்துடிப்பு உயர மறுக்கும். எந்தப் படியில் இருந்தோம் என்பது ஓய்வெடுத்துப் பார்த்த பிறகே தெரியவரும். ஓய்வெடுக்கத் துணியாதவருக்கு அது கடைசிவரை தெரியாமலே போகிறது.

இதோடு உணவும் சேர்ந்துகொள்கிறது. உடலில் கொழுப்பு நீங்கலான எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 கிலோகலோரி, பயிற்சிக்குச் செலவானது போக, உடலின் அன்றாட வேலைகளுக்கு மிஞ்ச வேண்டும். அது 30க்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் உடல் ஒவ்வொரு துறையாகச் செலவைக் குறைக்கத் தொடங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் தடைபடுகிறது, ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது, தைராய்டு மந்தமாகிறது, எலும்பு அடர்த்தியை இழக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்குத் தனிப்பெயர் கொடுத்து வழிகாட்டுதல் வெளியிட்டது. மிகைப்பயிற்சியின் அறிகுறிகளும் ஆற்றல் பற்றாக்குறையின் அறிகுறிகளும் பெருமளவு ஒன்றுபோலவே இருப்பதால், அளவுக்கு மீறி ஓடினார் என்று நாம் சொல்லிவந்த பலர் உண்மையில் ஓடிய அளவுக்குச் சாப்பிடாதவர்களாக இருந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் இப்போது கருதுகிறார்கள். மலைப்பாதை ஓட்டத்தில் இதற்கு வாய்ப்பு மிக அதிகம். வாரத்துக்கு 20, 25 மணி நேரம் ஏறி இறங்குகிற ஒருவருக்குப் பசி எடுக்கும் அளவுக்கு மட்டும் உண்பது போதாது. நீண்ட ஓட்டத்துக்குப் பின் பசியே அடங்கிப்போகும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், எவ்வித உணவுக் கோளாறும் இல்லாத ஒருவர்கூட மாதக்கணக்கில் தன்னை அறியாமலே பட்டினி கிடக்க முடியும்.

மனத்தின் சோர்வு இதிலிருந்து சற்று வேறானது. உடல் நன்றாக இருக்கும்போதே ஓட்டத்தின் மீதான பற்று வற்றிப்போகலாம். கைல் ஸ்காக்ஸ் 2008இல் கொலராடோவின் ஹார்ட்ராக் 100 ஓட்டத்தை 24 மணி நேரத்துக்குள் முடித்த முதல் மனிதரானார். மொத்தம் 10,000 மீட்டர் ஏற்றம் கொண்ட அந்தப் பாதையில் அது நம்ப முடியாத நேரம். அதன் பின் விரைவிலேயே போட்டிகளை விட்டு விலகி நியூ மெக்சிகோவில் விவசாயம் செய்யச் சென்றுவிட்டார். அதை வீழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனக்குப் போதும் என்று ஒருவர் அறிந்து செல்வதையும், வேண்டியிருந்தும் முடியாமல் ஒருவர் நின்றுவிடுவதையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது அநியாயம். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸை 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்ற ராப் க்ரார் தன்னுடைய மன அழுத்த நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மூன்று முறை வென்ற நிக்கி கிம்பலும் அவ்வாறே பேசினார். மலையில் 15 மணி நேரம் துன்பத்தைத் தாங்குகிறவர் வாழ்க்கையின் எல்லாத் துன்பங்களையும் தாங்குவார் என்ற நம் எண்ணத்தை இந்த இருவரும் மென்மையாக உடைத்தார்கள். அதற்காக நான் அவர்களுக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி நீடித்தவர்களிடம் வருகிறேன். ஜோர்னெட் ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி செய்கிறவர், ஆகவே அவர் குறைவாக உழைத்து நீடித்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் குளிர்காலம் வந்துவிட்டால் பல மாதங்களுக்கு அவர் ஓட்டக் காலணிகளைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பனிச்சறுக்கு மலையேற்றத்துக்குப் போய்விடுவார். இதயமும் நுரையீரலும் அதே அளவு வேலை செய்யும். எலும்புக்கும் தசைநாருக்கும் மட்டும் அடி விழாது. மலை ஓட்டத்தில் உண்மையான சேதம் இறக்கத்தில்தான் நேர்கிறது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுருங்க வேண்டியிருப்பதால் அதன் இழைகள் நுண்ணளவில் கிழிகின்றன. ஆண்டில் சில மாதங்கள் அந்தச் சேதம் இல்லாமல் இருப்பது, நிலத்தைத் தரிசாகப் போட்டுவைப்பதற்கு ஒப்பானது. பிரான்ஸின் ஃபிரான்சுவா டாயென், ஆல்ப்ஸ் மலையில் ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நீளும் யூடிஎம்பி எனப்படும் மோன் பிளாங்க் சுற்றோட்டத்தை 2012, 2014, 2017, 2021 என்று நான்கு முறை வென்றார். அந்த ஆண்டுகளின் இடைவெளிகளைக் கவனித்தால் அவரைப் பற்றிய பெரும்பகுதி புரிந்துவிடும். இயன்முறை சிகிச்சை படித்தவர், நெடுங்காலம் திராட்சைத் தோட்டம் வைத்து மது தயாரித்தவர், குடும்பஸ்தர். ஆண்டுக்கு மிகச் சில நீண்ட போட்டிகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஓடினார். அமெரிக்காவின் ஜிம் வாம்ஸ்லி யூடிஎம்பியை வெல்ல வேண்டும் என்று 2022இல் பிரான்ஸுக்கே குடிபெயர்ந்து, டாயெனின் அண்டை வீட்டாராகி, குளிர்காலத்தில் அவரைப் போலவே பனிச்சறுக்கைக் கற்றுக்கொண்டு, 2023இல் அந்தப் போட்டியை வென்ற முதல் அமெரிக்க ஆணானார். ஏற்றத்துக்கான பயிற்சி என்று பலரும் அதைப் பார்த்தார்கள். எனக்கோ அவர் ஓடாமல் இருக்கக் கற்றுக்கொண்டதே அதில் முதன்மையாகப் படுகிறது.

வயதும் நாம் பயப்படும் அளவுக்குத் தடையாக இல்லை. இத்தாலியின் மார்க்கோ ஓல்மோ 2006, 2007ஆம் ஆண்டுகளில் யூடிஎம்பியை வென்றபோது அவருக்கு வயது 57, 58. 2016இல் அதே போட்டியை வென்ற லுடோவிக் பொம்மரே, எட்டு ஆண்டுகள் கழித்து 2024இல், 49 வயதில், ஹார்ட்ராக் ஓட்டத்தை 21 மணி 33 நிமிடத்தில் முடித்து ஜோர்னெட்டின் சாதனையை முறியடித்தார். ஆக்ஸிஜனை உள்வாங்கும் உச்சத்திறன் வயதோடு குறைவது உண்மை. ஆனால் நூறு மைல் ஓட்டம் அந்த உச்சத்துக்கு மிகவும் கீழேயே நடக்கிறது; வேகத்தை அடக்கி ஓடுவதும், வயிற்றைக் காப்பதும், இரவை நிதானமாகக் கடப்பதும் அதில் பெரும்பங்கு. ஜாஸ்மின் பாரிஸ் 2024இல், அமெரிக்காவின் டென்னசி மலைக்காட்டில் ஏறத்தாழ நூறு மைல் நீளும் பார்க்லி மாரத்தானை 60 மணி நேர வரம்புக்கு 99 விநாடிகளே மீதமிருக்க முடித்து, அதை நிறைவுசெய்த முதல் பெண்ணானபோது நாற்பதைத் தொட்டிருந்தார். கால்நடை மருத்துவராகவும் ஆராய்ச்சியாளராகவும் முழுநேரப் பணியில் இருப்பவர், இரண்டு குழந்தைகளின் தாய். ஓட்டம் அவருடைய வாழ்க்கையின் ஒரு பகுதியாக இருந்ததே தவிர, முழு வாழ்க்கையும் அதன் மேல் நின்றுகொண்டிருக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நீடித்தவர்களை மட்டும் பார்த்து விதி எழுதினால் ஏமாந்துபோவோம், ஏனெனில் இதே வழியில் நடந்தும் மறைந்தவர்கள் எந்த முடிவுப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். விதிகளுக்கு அடங்காத மனிதர்களும் உண்டு. ஆன் ட்ரேசன் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸை 14 முறை வென்றவர். 1996, 1997 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தென்னாப்பிரிக்காவின் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் காம்ரேட்ஸ் ஓட்டத்தை வென்ற கையோடு, இரண்டு வாரத்துக்குள் கலிபோர்னியா வந்து அந்த நூறு மைலையும் வென்றார். கோர்ட்னி டவால்டர் 2023 கோடையில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஹார்ட்ராக், யூடிஎம்பி மூன்றையும் பத்து வார இடைவெளியில் வென்றார். இவர்களுடைய உடல் பொறுத்துக்கொண்டதை மற்றவர்களுடைய உடலும் பொறுக்கும் என்று நம்புவதுதான் ஆபத்து. அவர்களைக் குறை சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

என் வருத்தமெல்லாம் போட்டிகளின் அமைப்பைப் பற்றியது. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸுக்குக் குலுக்கலில் இடம் கிடைக்காத உயர்மட்ட ஓட்டக்காரர்கள், பெரும்பாலும் தங்க நுழைவுச்சீட்டு தரும் தகுதிப் போட்டிகளில் முன்னணி இடம் பிடித்தாக வேண்டும். முதல் முயற்சியில் தவறினால் சில வாரங்களிலேயே அடுத்ததில் நிற்கிறார்கள். ஒருவழியாகச் சீட்டு கிடைத்தபின் ஜூன் கடைசியில் மீண்டும் உச்சத்தை எட்ட வேண்டும், அது முடிந்து இரண்டே மாதத்தில் யூடிஎம்பி வந்து நிற்கும். விளம்பரதாரர்களின் ஒப்பந்தங்களோ பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுகிறவை, கண்ணில் படாதவருக்கு மதிப்பில்லை. வளரும் ஓட்டக்காரர் ஒருவர் தன் முதல் மூன்று ஆண்டுகளில், எல்லாம் ஏறுமுகமாக இருக்கும் அந்தக் காலத்தில், ஓய்வெடுக்க முடிவுசெய்தால் அதற்கான விலையை அவர் மட்டுமே கொடுக்க வேண்டியிருக்கிறது. ஜோர்னெட்டும் டாயெனும் ஒதுங்கியிருக்க முடிந்ததற்கு அவர்களுடைய அறிவு ஒரு காரணம் என்றால், ஒதுங்கினாலும் இடம் காத்திருக்கும் என்ற அவர்களுடைய புகழ் இன்னொரு காரணம்.

வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் முதல் பத்து இடங்களுக்குள் வரும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அடுத்த ஆண்டுக்கான இடம் தானாகவே கிடைக்கிறது. அடுத்த ஆண்டே ஓடாவிட்டால் அந்த உரிமை போய்விடும். கருவுற்ற ஓட்டக்காரர்கள் தங்கள் இடத்தைப் பிற்காலத்துக்கு ஒத்திவைக்கலாம் என்ற விதியை இந்தப் போட்டியும் யூடிஎம்பியும் கொண்டுவந்திருக்கின்றன. நீண்ட போராட்டத்துக்குப் பின் கிடைத்த அந்த ஏற்பாட்டால் எந்தப் போட்டியின் தரமும் குறைந்துவிடவில்லை. அப்படியிருக்க, முதல் பத்து இடத்துக்கான உரிமையையும் இரண்டு ஆண்டுகளுக்குள் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று மாற்றுவதில் என்ன தடை இருக்க முடியும்? ஆண்டுதோறும் இருபது பேருக்கு ஒரு கோடைக்காலம் முழுவதும் இடத்தை இழக்காமல் ஓய்வெடுக்க வழி கிடைக்கும், அதற்காக அமைப்பாளர்கள் மாற்ற வேண்டியது ஒரே ஒரு விதியை மட்டும்தான்.