திரும்பி வரும் பணம், வராத பணம்

அம்மாவை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போவதாகப் பல ஆண்டுகளுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். இருவருமே அதுவரை கடல் கடந்ததில்லை. கிளம்புவதற்கு ஒன்பது மாதங்கள் இருக்கும்போது ஒரு நோட்டை எடுத்துச் செலவுகளை எழுதினேன். விமானம், விடுதி, சாப்பாடு, போக்குவரத்து என்று நான்கே வரிகள். கூட்டிப் பார்த்தால் சேமிப்புக்குள் அடங்கியது. அந்த நிம்மதி இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை.

அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். நாங்கள் திரும்பும் தேதிக்குப் பிறகு இரண்டு மாதங்களில் அது காலாவதியாகிறது. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்குப் போவதென்றால், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதங்கள் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். வேறு பல நாடுகள் 6 மாதங்கள் கேட்கின்றன. டிக்கெட் எடுக்கும் முன்பே இதைப் பார்த்தது எங்களைக் காப்பாற்றியது. புதிய பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவைத்தேன்.

காத்திருந்த அந்த வாரங்களில்தான் நோட்டை வேறு விதமாகப் பிரித்தேன். ஒவ்வொரு செலவுக்கும் எதிரே, பயணம் நின்றுபோனால் இந்தப் பணம் திரும்பி வருமா வராதா என்று எழுதினேன். விசாக் கட்டணம் வராது; விசா மறுக்கப்பட்டாலும் வராது. மலிவு டிக்கெட்டின் பணமும் பெரும்பாலும் வராது. ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்த அறை என்றால், கெடு தேதி வரை கவலையில்லை. திரும்பாத பணத்தை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுவது என்று முடிவெடுத்தேன். அதன் பிறகு வேலைகளின் வரிசை தானாக அமைந்தது. ரத்து வசதியுள்ள அறைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தேன். அந்தக் கூடுதல் பணம் எனக்கு ஒருநாளும் உறுத்தவில்லை.

விசாவில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது. நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசியாக 15 நாட்களுக்கு முன்னதாகவாவது கொடுத்துவிட வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். என் நான்கு வரிகளில் காப்பீடே இல்லை! அம்மாவின் வயதுக்கு அதன் கட்டணமும் கூடுதலாக வந்தது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பதை மறைக்காமல் எழுதிக்கொடுத்தேன். ஏற்கெனவே உள்ள நோயை மறைத்துவிட்டு அவசரத்தில் இழப்பீடு கேட்டால் கைவிரித்துவிடுவார்கள். இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

விசா முத்திரையைப் பார்த்த அன்றே டிக்கெட்டுக்குப் பணம் கட்டினேன். இரண்டு வாரங்கள் முன்பு பார்த்ததைவிட விலை ஏறியிருந்தது. ஆனாலும் அந்த முடிவில் எனக்கு வருத்தமில்லை.

அங்கே போன பிறகு கற்றது பணம் செலுத்தும் முறை. முதல் நாள் மாலை காபி குடித்துவிட்டுக் கார்டைக் கொடுத்தேன். கருவியின் சிறு திரையில் இரண்டு தொகைகள் தெரிந்தன: ஒன்று யூரோவில், இன்னொன்று எங்கள் நாட்டுப் பணத்தில். பழகிய எண்ணாக இருக்கிறதே என்று இரண்டாவதைத் தொட்டேன். இரவு அறையில் கணக்கெழுதும்போதுதான் அந்த மாற்று விகிதத்தில் எவ்வளவு இழந்தேன் என்று புரிந்தது. அன்றிலிருந்து எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுத்தேன். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் பிடித்ததால், அடிக்கடி சிறு தொகை எடுக்காமல் இரண்டே முறையில் எடுத்துக்கொண்டேன்.

விடுதியில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரியைத் தனியாக வாங்கினார்கள். முன்பதிவில் அதைச் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள், நான் கவனிக்கவில்லை. முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் முடக்கியும் வைத்தார்கள். பின்னால் திரும்பி வரும் என்பதால் அது செலவு இல்லைதான். ஆனால் அந்தப் பணம் கையில் இருப்பதாக நினைத்துத் திட்டம் போட்டிருந்தால் நடுவழியில் திண்டாடியிருப்போம். அவசரத்துக்கு என்று மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக வைத்திருந்தேன். வரியும் மருந்துக் கடையில் வாங்கிய முழங்கால் பட்டையும் அதிலிருந்துதான் போயின.

முடக்கிய தொகை நாங்கள் வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் கணக்குக்கு வந்தது. நோட்டில் அந்த வரிக்கு எதிரே 'வந்தது' என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, அடுத்த பக்கம் காலியாகத்தானே இருக்கிறது என்று கேட்டார்.