ஒலியால் குளிரூட்டும் ஆய்வுத் திட்டம்: பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அனுபவம்

பாளையங்கோட்டையில் முதுகலை இயற்பியல் படித்தபோது, இறுதிப் பருவ ஆய்வுத் திட்டத்திற்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, உயர் அதிர்வெண் ஒலி அலைகளைக் கொண்டு கையடக்கமான குளிர்சாதனம் அமைப்பது. தலைப்பு எடுப்பாக இருந்தது என்பதைத் தவிர, அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு வேறு காரணம் இருக்கவில்லை. இந்த ஆண்டு இதே தலைப்பை ஒட்டித் திட்டம் தொடங்கும் மாணவர்கள் சிலர் விவரம் கேட்டதால், நான் எங்கே நாட்களை இழந்தேன், வெளித்தேர்வாளர் எதைத் துருவிக் கேட்டார் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஒலி என்பது காற்றில் பரவும் அழுத்த மாற்றம் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம்; அழுத்தம் கூடும்போது காற்று சிறிதளவு சூடாகிறது, குறையும்போது குளிர்கிறது என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஒரு முனை மூடிய குழாயில் ஒத்ததிர்வு நிலையில் (குழாயின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்தும்படி) ஒலியைச் செலுத்தி, உள்ளே மெல்லிய தகடுகளின் அடுக்கு ஒன்றை வைத்தால், தகட்டை ஒட்டிய காற்றுத்துளி மூடிய முனையை நோக்கி நகரும்போது அமுங்கிச் சூடாகித் தன் வெப்பத்தைத் தகட்டிடம் கொடுக்கிறது. திரும்பி வரும்போது விரிந்து குளிர்ந்து, வேறோர் இடத்தில் தகட்டிடமிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு துளி சுமக்கும் தொலைவு மிகச் சிறிது. ஆனால் தீயணைக்க வாளியைக் கைமாற்றி அனுப்பும் வரிசை போல, அடுத்தடுத்த துளிகள் அதை ஏந்திச் செல்வதால், அடுக்கின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் ஆகிறது. மூடிய முனைக்கு அருகில் இருப்பதே சூடான பக்கம். இதைப் படம் வரைந்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். எந்தப் பக்கம் குளிரும் என்பதிலேயே பாதிப் பேர் தடுமாறுகிறார்கள்.

என் பெரிய தவறு அதிர்வெண்ணில் நேர்ந்தது. அலைநீளத்தில் கால் பங்கே குழாயின் நீளம் என்பதால், அதிர்வெண் கூடக் கூடக் கருவி சிறிதாகும். 4 கிலோஹெர்ட்ஸில் காற்றுக்குழாய் ஏறக்குறைய 2.2 செ.மீ. போதும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஓரெஸ்ட் சிம்கோவின் குழு, மின்னணுச் சில்லுகளைக் குளிர்விக்கும் நோக்கில் கிலோஹெர்ட்ஸ் அளவுகளில் இத்தகைய சிறு கருவிகளை உருவாக்கியதைப் படித்துவிட்டு, நானும் எடுத்த எடுப்பில் அந்த அதிர்வெண்ணிலேயே தொடங்கினேன். மூன்று வாரம் ஓடியது. காதைத் துளைக்கும் கீச்சொலியைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை.

காரணம் இதுதான். தகட்டின் வெப்பம் ஓர் அலைச்சுழற்சிக்குள் காற்றில் எவ்வளவு தொலைவு எட்டும் என்பதை வெப்ப ஊடுருவல் ஆழம் என்கிறோம். அது அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தகடுகளுக்கிடையிலான இடைவெளி அந்த ஆழத்தைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு இருக்க வேண்டும். 4 கிலோஹெர்ட்ஸில் காற்றுக்கு அந்த ஆழம் சுமார் 0.04 மி.மீ.; நான் வைத்திருந்த இடைவெளியோ 0.4 மி.மீ. நடுவில் ஓடிய காற்றில் பெரும்பகுதிக்குத் தகடு இருப்பதே தெரிந்திருக்காது. அதிர்வெண்ணைப் பத்து மடங்கு கூட்டினால் குழாய் பத்தில் ஒன்றாகச் சிறுக்கும், இடைவெளியோ மூன்றில் ஒன்றாகச் சிறுக்கும். அந்த மூன்றில் ஒன்றைக் கையால் செய்ய முடியுமா என்று பார்த்த பிறகே அதிர்வெண்ணை முடிவு செய்யுங்கள். கல்லூரி ஆய்வகத்தில் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு செய்பவர்களுக்கு 400 ஹெர்ட்ஸை ஒட்டிய இடமே பொருந்தும். தலைப்பில் 'உயர் அதிர்வெண்' என்று இருந்தால், அதைக் கணக்கீட்டு அத்தியாயமாக வைத்துக்கொள்ளலாம். அதில் குறையொன்றும் இல்லை.

இரண்டாம் முறை 23 செ.மீ. அக்ரிலிக் குழாய் எடுத்தேன். ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கழித்துப் போட்ட பழைய பிலிம் சுருள், உவரியில் மீன்பிடிக்கும் உறவினர் கொடுத்த தங்கூசி (நைலான்) நரம்பு, ஒரு ஸ்பீக்கர், பழைய ஆம்ப்ளிபயர் ஆகியவையே மற்றப் பொருட்கள். பிலிமின் குறுக்கே நரம்புத் துண்டுகளை வரிசையாக ஒட்டி இறுகச் சுருட்டினால், பிலிமின் சுற்றுகளே தகடுகளின் அடுக்காகும், நரம்பின் தடிமனே இடைவெளியாகிவிடும். பசை துளி கூடினாலும் வழி அடைபடும். நான் மூன்று சுருள்களை வீணாக்கினேன். நரம்பு ஒட்டுவதற்கு முழுதாக ஒரு வாரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது நம் ஊர் வெயில். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்பது 20 டிகிரிக்கு உரியது. சித்திரை மாதத்தில் எங்கள் ஆய்வகம் 34 டிகிரியில் இருந்தது. அங்கே வேகம் ஏறக்குறைய 351 மீட்டர். என் குழாய்க்கு இது 9 ஹெர்ட்ஸ் வித்தியாசம். குழாய் சூடேறச் சூடேற ஒத்ததிர்வு மேலும் நகரும் என்பதால், கணக்குப் போட்ட எண்ணில் அலையாக்கியை (ஸ்பீக்கருக்கு அதிர்வெண்ணைக் கொடுக்கும் கருவியை) நிறுத்திவிட்டுப் போகாமல், ஒலியை அளக்கும் மைக்கின் அளவீடு உச்சத்தில் நிற்கும்படி அவ்வப்போது திருத்த வேண்டும்.

முதல் ஓட்டத்தில் சில நிமிடங்களில் குளிர்முனை 34-லிருந்து 30-க்கு இறங்கியது. மகிழ்ச்சி கால்மணி நேரம்கூட நீடிக்கவில்லை. பிறகு இரு முனைகளும் சேர்ந்தே ஏறத் தொடங்கின. ஆய்வக உதவியாளர் அண்ணாச்சி குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குளிர வைக்கிற மிசினுன்னு சொன்னிய, இது கொதிக்கில்லா செய்யுது?" என்றார். அவர் சொன்னதே சரியான விமர்சனம். குளிர்முனையிலிருந்து எடுத்த வெப்பமும், ஸ்பீக்கர் செலுத்திய ஒலியாற்றலும் சூடான முனையில் வந்து சேர்கின்றன. அவை வெளியேற வழி வைக்காவிட்டால் அங்கேயே தேங்கி, அடுக்கின் வழியே திரும்பி வரும். மூடிய முனையின் மூடியை அலுமினியத்தில் செய்து, அதன் மேல் ஈரத்துணி சுற்றிய பிறகே அளவீடு நிலைபெற்றது. இறுதியில் இரு முனைகளுக்கும் இடையே 11 டிகிரி கிடைத்தது. குறைந்த எண்தான். ஆனால் ஒவ்வொரு நிமிடத்து அளவீடும் நோட்டில் இருந்தது; அந்தத் தோல்வியடைந்த ஓட்டத்தின் வரைபடத்தையும் அறிக்கையில் சேர்த்திருந்தேன். வெளித்தேர்வாளர் அதிக நேரம் நின்றது அந்த வரைபடத்தில்தான்.

அறிக்கையின் முன்னுரையில் நெல்லையப்பர் கோயிலின் இசைத் தூண்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். கல் தூணில் அதிர்வது திடப்பொருள், என் குழாயில் அதிர்வது காற்று, இரண்டுக்கும் ஒரே சமன்பாடு பொருந்தாது என்றார். உள்ளூர்ப் பெருமைக்காக எழுதிய பத்தி போனதில் எனக்குச் சற்று வருத்தம்தான். ஆனால் அந்தப் பத்தி இருந்திருந்தால், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பத்து நிமிடம் அதற்கே விளக்கம் சொல்லியிருப்பேன். வரலாற்றுக்கு, கண்ணாடி ஊதுவோரின் குழாய்கள் தாமாக ஒலிப்பதை 1850-ல் ஆராய்ந்த சொண்டாவுஸ், அதற்கு 1878-ல் விளக்கம் தந்த ரேலி, 1969 முதல் கணிதக் கோட்பாட்டை வகுத்த ராட், 1980-களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் நடந்த பணிகள் என்று ஒரு பக்கத்தில் முடித்துக்கொள்ளலாம். 1992 சனவரியில் டிஸ்கவரி விண்ணோடத்தில் இவ்வகைக் குளிர்சாதனம் ஒன்று பறந்ததை மறக்காமல் குறிப்பிடுங்கள். பயன்பாடு என்ன என்ற கேள்விக்கு அது உதவும்.

வைவாவில் முதல் கேள்வி, "வெப்பம் எங்கே போயிற்று?" என்பதே. அண்ணாச்சியின் புண்ணியத்தில் தயங்காமல் பதில் சொன்னேன். இரண்டாவது கேள்வி, வெப்பத்தை நன்கு கடத்தும் அலுமினியத் தகட்டை விட்டுவிட்டு பிளாஸ்டிக் பிலிமை ஏன் எடுத்தீர்கள் என்பது. உலோகத் தகடாக இருந்தால் சூடான முனையின் வெப்பம் தகட்டின் நெடுக்கே ஓடிக் குளிர்முனைக்கே திரும்பிவிடும். அடுக்குக்கு நெடுக்குவாட்டில் மந்தமாகக் கடத்தும் பொருளே வேண்டும். மூன்றாவது கேள்வியில் விழித்தேன். காற்றுக்குப் பதிலாக வேறு வாயு எடுத்தால் என்ன ஆகும் என்றார். ஹீலியம் என்று சொல்லிவிட்டு, ஒலிவேகம் கூடும் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் எதிர்பார்த்தது பிராண்டல் எண். தகட்டை ஒட்டி வெப்பம் ஊடுருவுவது போலவே பாகுநிலை உராய்வும் ஊடுருவுகிறது; முன்னது நமக்கு வேலை செய்கிறது, பின்னது ஒலியாற்றலை வீணாக்குகிறது. அந்த இரண்டின் விகிதத்தைக் காட்டும் பிராண்டல் எண் காற்றுக்கும் தூய ஹீலியத்துக்கும் 0.7-ஐ ஒட்டியே இருக்கிறது. ஹீலியத்துடன் செனான் போன்ற கனமான மந்த வாயுவைக் கலந்தால் அது 0.2 அளவுக்குக் குறையும். விண்ணோடத்தில் பறந்த கருவியில் அத்தகைய கலவையே இருந்தது. அதை என் அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன்.