வீட்டிலிருந்து எழுதிச் சம்பாதிக்க: மணிக்கணக்கும் அறுபது நாள் கணக்கும்

எழுதிச் சம்பாதிக்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, "ஒரு சொல்லுக்கு எவ்வளவு தருவார்கள்?" அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஒரு கட்டுரை உங்களிடமிருந்து எத்தனை மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறது என்று தெரிந்தால்தான் விலை கட்டுபடியாகுமா என்று தெரியும்.

1500 சொல் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். புது க்ளையண்ட் (தன் தளத்துக்குக் கட்டுரை கேட்கும் நிறுவனம்), புதுத் தலைப்பு. என்ன வேண்டும் என்று மெயிலில் பேசி முடிக்க 40 நிமிடம். தகவல் தேட 3 மணி நேரம். முதல் வரைவு இரண்டரை மணி. மறுநாள் உட்கார்ந்து வெட்டிச் சீராக்க ஒன்றேகால் மணி. அவர்களுடைய தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஏற்றி, துணைத்தலைப்பு, படம் எல்லாம் வைக்க முக்கால் மணி. அவர்கள் திருப்பி அனுப்பும் திருத்தங்களுக்கு ஒன்றரை மணி. இன்வாய்ஸ் (பணம் கேட்டு அனுப்பும் பில்), நினைவூட்டல் எல்லாம் சேர்த்து 20 நிமிடம். கூட்டிப் பாருங்கள், 10 மணி நேரம். 80 டாலருக்குப் பேசியிருந்தால் மணிக்கு 8. (கணக்குக்கு வசதி என்று டாலரில் சொல்கிறேன். உங்கள் பணத்தில் போட்டுப் பாருங்கள்.)

அதே க்ளையண்டுக்கு, அதே துறையில் இரண்டாவது கட்டுரை. பேச்சு 10 நிமிடம், தேடல் ஒன்றரை மணி, வரைவு 2 மணி, சீராக்கல் 1 மணி, ஏற்றுவது அரை மணி, திருத்தம் அரை மணி, இன்வாய்ஸ் 5 நிமிடம். மொத்தம் ஐந்தே முக்கால் மணி. விலையில் ஒரு காசு ஏறவில்லை, மணிக்கு 14 ஆகிவிட்டது. இந்தத் தொழிலில் காசு எங்கே இருக்கிறது என்று கேட்டால் இங்கேதான்: இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது கட்டுரையில். வாராவாரம் புது ஆள், புதுத் தலைப்பு என்று ஓடுபவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்தப் பத்து மணி நேரத்திலேயே நிற்பார்.

உங்கள் விலையையும் இப்படித்தான் போட வேண்டும். மாதம் 1000 டாலர் தேவை என்றால், வாரம் 40 மணி நேரம் உட்கார்ந்தாலும் அதில் பாதிதான் காசுள்ள வேலை. மீதி வேலை தேடுவதிலும் மெயிலிலும் கணக்கிலும் போய்விடும். ஆக மாதத்துக்கு 80 மணி நேரம், மணிக்கு 12.50. வரி, உடம்பு சரியில்லாத நாள், வேலையே வராத வாரம் இவற்றுக்காக மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் கிட்டத்தட்ட 17. அப்படியானால் மேலே சொன்ன 80 டாலர் கட்டுரை பழகிய க்ளையண்டுக்கே கட்டாது. 100 கேட்டாக வேண்டும். பயந்துகொண்டு அடிமாட்டு விலைக்கு ஒத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கை ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இடைத்தரகுத் தளங்கள் வழியாக வந்தால் இன்னும் குறையும். ஃபைவரில் விற்பவரிடமிருந்து 20 சதவீதம் பிடிப்பார்கள். 80 என்பது 64 ஆகும், அதுவும் வேலை முடிந்து சாதாரணமாக 14 நாள் கழித்துத்தான் எடுக்கலாம். அப்வொர்க்கில் விண்ணப்பம் போடுவதற்கே 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன்கள் செலவாகும். முதல் மூன்று நான்கு வேலைக்கும், நல்ல மதிப்புரை சேர்ப்பதற்கும் இந்தத் தளங்கள் உதவும். அங்கேயே குடியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

நேரடியாக க்ளையண்ட் பிடிப்பது எப்படி? முதலில் ஒரே துறையில் மூன்று சாம்பிள் கட்டுரைகள். "எதைப் பற்றியும் எழுதுவேன்" என்பவரை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பிறகு, யாருக்கு எழுதிக் கேட்பது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாரம் தவறாமல் கட்டுரை போட்டுக்கொண்டிருந்து, நாலைந்து மாதமாக நின்றுபோன நிறுவனத் தளங்களைத் தேடுங்கள். கட்டுரைக்குச் செலவு செய்யும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. பெரும்பாலும் எழுதிக்கொண்டிருந்த ஆள் போயிருப்பார்.

அவர்களுக்கு அனுப்பும் மெயில் இந்த அளவில் இருந்தால் போதும்:

"வணக்கம். உங்கள் தளத்தில் நீர் வடிகட்டியை மாட்டுவது பற்றிய பக்கம் இருக்கிறது. உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லும் பக்கம் இல்லை. வாங்கியவர்கள் மதிப்புரைகளில் அதிகம் கேட்டிருப்பது அதைத்தான். 'மாற்றும் நேரம் வந்துவிட்டது என்பதற்கு ஐந்து அறிகுறிகள்' என்று 1200 சொல்லில் வரும் 10-ஆம் தேதிக்குள் எழுதித் தருகிறேன். கட்டணம் 120 டாலர். ஒரு சுற்றுத் திருத்தம் அதில் அடக்கம். இதே துறையில் எழுதிய இரண்டு கட்டுரைகளின் இணைப்பு கீழே."

"நான் ஆர்வமுள்ள எழுத்தாளர்" என்ற வரி இதில் எங்கேயும் இல்லை. அவர்கள் தளத்தைப் படித்திருக்கிறீர்கள், ஓட்டை எங்கே என்று கண்டிருக்கிறீர்கள், அடைக்கும் வழியும் விலையும் நாளும் சொல்லிவிட்டீர்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர் சரி என்று ஒரு சொல் தட்டினால் போதும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல். அதோடு விட்டுவிடுங்கள். இருபது அனுப்பினால் பதினெட்டுக்குப் பதிலே வராமல் போகலாம். அதற்கு மனம் உடைய வேண்டியதில்லை, படித்திருக்கவே மாட்டார்கள்.

ஒத்துக்கொண்டதும் எழுதத் தொடங்கிவிடாதீர்கள். பேசியதையெல்லாம் ஒரே மெயிலில் எழுதி, "இது சரிதானே?" என்று கேட்டு, "சரி" என்ற பதிலை வாங்கி வையுங்கள். அதில் இருக்க வேண்டியவை: தலைப்பு, சொல் எண்ணிக்கை, கொடுக்கும் தேதி, எத்தனை சுற்றுத் திருத்தம், பெயர் போடுவார்களா, பணம் எப்போது. கடைசி இரண்டில்தான் ஏமாறுவோம்.

பெயர் விஷயம்: உங்கள் பெயர் இல்லாமல் முதலாளியின் பெயரில் வரும் கட்டுரையை நாளைக்குச் சாம்பிளாகக் காட்ட முடியாது. அந்த நஷ்டத்துக்கும் சேர்த்து விலை சொல்ல வேண்டும். பணம்: "வெளியானதும் தருகிறோம்" என்பதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். எப்போது வெளியிடுவது என்பது அவர்கள் கையில். அது வரிசையில் ஆறு மாதம் கிடக்கலாம், வெளிவராமலே போகலாம். "கட்டுரை கைக்கு வந்த நாளிலிருந்து இத்தனை நாளில்" என்றுதான் இருக்க வேண்டும். வேண்டாம் என்று பாதியில் கைவிட்டால் பாதிக் கட்டணம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது ஆளாக இருந்தால் பாதி முன்பணம் கேட்பதில் தவறே இல்லை. கேட்டவுடன் காணாமல் போகிறவர் பிறகும் தந்திருக்க மாட்டார்.

இலவசச் சாம்பிள் கேட்டால் 200 சொல் வரை தரலாம். முழுக் கட்டுரையைச் "சோதனைக்கு" என்று கேட்பவர்கள் பத்துப் பேரிடம் அதையே கேட்டு, பத்துக் கட்டுரையையும் போட்டுக்கொள்ளும் கதை நடக்கிறது. வேலை தருவதற்குப் பதிவுக் கட்டணம் கேட்பவர், தர வேண்டியதற்கு மேல் பணம் அனுப்பிவிட்டு "மீதியைத் திருப்பி அனுப்பு" என்பவர், இருவரும் திருடர்கள். யோசிக்கவே வேண்டாம்.

இப்போது இன்னொரு தலைவலியும் சேர்ந்திருக்கிறது. நீங்களே எழுதியதை ஏதோ ஒரு கருவியில் போட்டுப் பார்த்து, "இது ஏஐ எழுதியது" என்று பணத்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. இந்தக் கருவிகளை அவ்வளவு நம்ப முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டுபிடிப்பானைத் துல்லியம் குறைவு என்று 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. தற்காப்புக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தொடக்கத்திலிருந்தே கூகுள் டாக்ஸில் எழுதுங்கள். வேறெங்கோ எழுதி மொத்தமாக ஒட்டினால் பயனில்லை. ஒவ்வொரு வரியும் எப்போது வந்தது, எப்போது வெட்டப்பட்டது என்று பதிப்பு வரலாற்றில் இருக்கும். சண்டை வந்தால் அதைக் காட்டலாம்.

கட்டுரை அனுப்பிய அன்றே இன்வாய்ஸும் போக வேண்டும். வரிசை எண், தேதி, வேலையின் பெயர், தொகை, கடைசி நாள், பணம் அனுப்பும் வழி. கடைசி நாளன்று ஒரு நினைவூட்டல், ஒரு வாரம் கழித்து இன்னொன்று. அதற்கும் பிறகு இழுத்தடித்தால், பழைய பாக்கி தீரும்வரை புது வேலை எடுப்பதில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

இனி பிளாக், அதாவது உங்கள் சொந்த வலைப்பதிவு. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள், ஏனென்றால் இதன் கடிகாரமே வேறு. க்ளையண்ட் வேலையில் இரண்டு மாதத்தில் பணத்தைப் பார்க்கலாம். பிளாகில் ஒரு வருடம், ஒன்றரை வருடம் போனால்தான் ஏதாவது தெரியும். விளம்பரக் கணக்கைப் பாருங்கள். ஆயிரம் பக்கப் பார்வைக்கு 2 டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம் (துறையையும், வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதையும் பொறுத்து இது மிகவும் மாறும்). தினம் 500 பார்வை என்றால் மாதம் 15,000. வருவது 30 டாலர். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள், ஆக மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால், 10 டாலர் சேர்ந்ததும் உங்கள் முகவரிக்குத் தபாலில் ஒரு பின் எண் வரும். அதைப் பதியாமல் விட்டால் கொஞ்ச காலத்தில் விளம்பரமே நின்றுவிடும். சொந்த விளம்பரத்தைத் தானே சொடுக்குவது, நண்பர்களைச் சொடுக்கச் சொல்வது எல்லாம் கணக்கையே மூடவைக்கும்.

தினம் 500 பார்வைகூட வராத தளத்தில் விளம்பரம் வைப்பதில் அர்த்தமில்லை என்பேன். பக்கம் மெதுவாகும், படிக்க வந்தவர் எரிச்சலடைவார், வருவதும் சில்லறை.

அஃபிலியேட் (அடுத்தவர் பொருளுக்கு இணைப்புக் கொடுத்து, விற்றால் கமிஷன் வாங்குவது) கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதன் விதிகளைப் படித்துவிட்டு இறங்குங்கள். அமேசானின் அஃபிலியேட் திட்டமான அசோசியேட்ஸில் உங்கள் இணைப்பைச் சொடுக்கியவர் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் கமிஷன். சேர்ந்த 180 நாளில் மூன்று விற்பனையாவது ஆகாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். "இந்த இணைப்பு மூலம் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்" என்று வாசகரிடம் வெளிப்படையாகச் சொல்வதும் கட்டாயம். காசு வாங்கிக்கொண்டு யாருக்காவது இணைப்புக் கொடுத்தால் அந்த இணைப்பின் எச்டிஎம்எல்லில் 'ஸ்பான்ஸர்ட்' அல்லது 'நோஃபாலோ' என்ற குறியீடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூகுள் தேடலில் அடி விழலாம்.

பிளாகின் நிஜமான பயன் வேறு. குறுகிய துறை ஒன்றில் ஒழுங்காக எழுதப்பட்ட முப்பது கட்டுரைகள் இருந்தால், அந்தத் துறைக்காரர்கள் தேடும்போது உங்களிடம் வந்து விழுவார்கள். அதனால் முதல் நாளே "எழுதித் தருகிறேன்" என்று ஒரு பக்கம் வையுங்கள். எந்தத் துறை, என்ன வகைக் கட்டுரை, எந்த விலையிலிருந்து, மெயில் முகவரி. விளம்பரத்தில் 30 டாலர் தரும் அதே பிளாக், மாதம் இரண்டு கட்டுரை கேட்கும் ஒரே ஒரு க்ளையண்டைக் கொண்டுவந்தால் 200 தருகிறது.

கூகுளின் பிளாகர் தளத்தில் எழுதக் காசு வேண்டாம், வேர்ட்பிரஸ்ஸை நீங்களே நிறுவினால் ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் இடத்தின் வாடகை) செலவு உண்டு. எதுவானாலும் சொந்த டொமைன் (இணைய முகவரி) வாங்கிவிடுங்கள். பிளாகரிலும் அதை இணைக்கலாம். இரண்டு வருடம் கழித்து முகவரியை மாற்றினால் தேடலில் சேர்த்துவைத்த இடம் ஆட்டம் காணும்.

ஆறு மாதம் ஆனதும், கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் கருவியைத் திறந்து, தேடலில் 8-ஆம் இடத்திலிருந்து 20-ஆம் இடம்வரை நிற்கும் பக்கங்களை மட்டும் வடிகட்டுங்கள். பலர் கண்ணில் பட்டும் சிலரே சொடுக்கிய பக்கங்கள் அதில் தெரியும். ஒரு பக்கத்தைச் சொடுக்கினால், என்ன கேள்வி கேட்டு அங்கே வந்தார்கள் என்று அதே கருவியில் பார்க்கலாம். அந்தக் கேள்விக்கு உங்கள் கட்டுரையில் நேரான பதில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் முதல் இரண்டு பத்திக்குள் சேர்த்து, தலைப்பையும் அதற்கேற்ப மாற்றுங்கள். புதிதாக ஐந்து கட்டுரை எழுதுவதைவிட இந்த ஒரு மணி நேர வேலை பல சமயம் அதிகம் தரும்.

வாரத்தை எப்படிப் பிரிப்பது? நான்கு நாள் க்ளையண்ட் வேலை (மெயில், கணக்கு எல்லாம் இதிலேயே அடக்கம்), அரை நாள் பிளாக், அரை நாள் புது வேலை தேடுதல். கடைசி அரை நாளைத்தான் எல்லோரும் முதலில் தின்றுவிடுகிறார்கள், "இப்போது கை நிறைய வேலை இருக்கிறதே" என்று. நாள் கணக்கைப் பாருங்கள். மெயில் அனுப்பிப் பதில் வர இரண்டு வாரம், எழுதிக் கொடுக்க இரண்டு வாரம், பணம் வர 30 நாள். இன்றைக்கு அனுப்பும் மெயில் 60 நாள் கழித்துத்தான் பணமாகிறது. கை நிறைந்திருக்கும் மாதத்தில் தேடுவதை நிறுத்தினால், இரண்டு மாதம் கழித்து வங்கிக் கணக்கில் அந்த ஓட்டை தெரியும். அப்போது பதறி, வந்த விலைக்கு ஒத்துக்கொள்ள வேண்டிவரும். ஒரே க்ளையண்டிடமிருந்து மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் வந்தாலும் இதே ஆபத்துதான். அவர் செலவைக் குறைக்க முடிவெடுத்தால் நீங்கள் தெருவில்.

விலையை ஏற்ற நல்ல நேரம், அடுத்த மாதம் முழுக்க வேலை ஒப்பந்தமாகிவிட்ட நேரம். பழைய க்ளையண்டுக்கு ஒரு மாதம் முன்னதாக மூன்று வரி எழுதினால் போதும்: அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து கட்டணம் இவ்வளவு, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கட்டுரைகள் பழைய விலையிலேயே வரும், அந்தத் தேதிக்கு முன் எத்தனை வேண்டும் என்று சொன்னால் இடம் ஒதுக்குகிறேன். மன்னிப்பும் வேண்டாம், விலைவாசி புராணமும் வேண்டாம். பலர் சரி என்பார்கள். மாட்டேன் என்பவர் விட்டுப்போகும் மணி நேரத்துக்கு, 1-ஆம் தேதிக்குள் வேறு ஆளைப் பிடிக்க அந்த ஒரு மாதம் இருக்கிறது.